தபால் கப்பலில் வடகடல் யாத்திரை

தேசங்களுக்குப் பெயர் ஏற்பட்ட விதம் பலவகைப்படும். ஆற்றினால் பெயர் பெற்ற தேசங்கள் உண்டு. 'இந்தியா' என்னும் பெயர் சிந்து நதியினால் வந்ததே. அங்கு குடியேறிய ஜனங்களால் பெயர் பெற்ற தேசங்களும் உண்டு. ஆனால் ஒரு வழியையே தன் பெயராகப் பூண்ட தேசம் ஒன்று ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கின்றது. நார்வே என்னும் சொல்லுக்கு 'வடக்கே செல்லும் வழி' என்பதே பொருள். அந்த வழி தரைவழி அன்று, கடல்வழி. அவ்வழியே நாம் ஒரு மார்ச் மாதத்தில் 12 நாள் பிரயாணம் செய்து கண்டவற்றையும் அறிந்தவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

பூகோள வகுப்பில் பிள்ளைகளை நார்வே தேசத்தின் படம் வரையச் சொன்னால் அவர்கள் படும் பாட்டை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். கிழிந்த துணியின் ஓரம்போல் இருக்கும் அந்தக் கடற்கரையை எந்தப் பென்சிலால்தான் வரைந்து முடிப்பது? ஒவ்வொரு குடாவையும் ஒவ்வொரு தீவையும் விடாமல் சுற்றி அளந்தால் அதன் நீளம் 1,00,000 கிலோமீட்டருக்கு மேற்படும். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அதிசயம் விளங்கும். இத்தனை நீண்ட கரையுடைய தேசத்தின் ஜனத்தொகையோ சுமார் 55 லட்சமே.

மலை அங்கே கடலோடு முட்டிக்கொண்டு நிற்கின்றது. கடலும் மலைகளுக்கிடையே நெடுந்தூரம் நாவை நீட்டிப் புகுந்திருக்கின்றது. அத்தகைய குடாக்களை அந்நாட்டார் 'பியோர்டு' என்பர். எதிர்க்கரைக் கிராமத்தின் விளக்கைக் கண்ணால் காணலாம்; தரைவழியே அங்கு போவதானாலோ மலைகளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆகவே, படகே அவர்களுக்கு வண்டி. கடலே அவர்களுக்குத் தெரு.

இயற்கை அவர்களுக்கு இரண்டு உதவிகளைச் செய்திருக்கின்றது. கரைக்கு வெளியே ஆயிரக்கணக்கான சிறு தீவுகளும் பாறைகளும் வேலிபோல் நின்று சமுத்திரத்தின் அலைகளைத் தடுக்கின்றன. வேலிக்கும் கரைக்கும் இடையிலுள்ள நீரில் பெரும்பாலான தூரம் கப்பல் அமைதியாகச் செல்லலாம். அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டம் அக்கரையோரமாக வடக்கே செல்வதால், துருவ வட்டத்துக்கு அப்பாலும் அங்கே கடல் உறைவதில்லை. இந்த இரண்டு உதவிகளும் இராவிட்டால் அவ்வூர்களில் மனிதர் வாழ்வதே அரிதாயிருக்கும்.

ஒரு காப்டனின் துணிவு

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரையில், தேசத்தின் நடுப்பகுதியிலுள்ள டிரான்ஹைம் நகரத்திலிருந்து வடகோடியிலுள்ள ஹாமர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரக் கோடையில் 3 வாரங்களும், குளிர்காலத்தில் 5 மாதங்கள் வரையும் பிடித்தன. வடக்கே மீன்பிடிக்கப் போன மகன் சுகந்தானா என்று தாய் கேட்டு எழுதினால், அவள் கேள்விக்கு விடை வருமுன் ஒரு வருஷமே கழிந்துவிடக்கூடும்.

1891-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தின் கப்பல் ஆலோசகராயிருந்த ஆகஸ்ட் கிரான் என்பவர், கரையோரமாக வருஷம் முழுவதும் ஒரு விரைவுக் கப்பல் ஓடவேண்டுமென்று யோசனை கூறினார். பெரிய கம்பெனிகள் இரண்டும் முடியாது என்று கையை விரித்துவிட்டன. அவர்கள் சொன்ன காரணம் அற்பமானதன்று. டிரான்ஹைமுக்கு வடக்கே அப்பொழுது இருந்தவை 28 கலங்கரை விளக்கங்களே. நம்பத் தகுந்த கடற்படங்களும் மிகக் குறைவு. குளிர்காலத்தில் சூரியனே தலைகாட்டாத இருட்டில், பாறைகள் நிறைந்த அந்த நீரில், எவன் கப்பலை ஓட்டுவான்?

ஓட்டுகின்றேன் என்று முன்வந்தவர் ஸ்டாக்மார்க்னஸ் என்னும் சிற்றூரில் ஒரு சிறிய கப்பல் கம்பெனியை நடத்திவந்த காப்டன் ரிச்சர்ட் வித். அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்தேயும் செய்த காரியம் கணக்கு ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். எந்தத் திசையில், எந்த வேகத்தில், எத்தனை நிமிஷம் சென்றால் எந்த முனை வரும் என்பதை அவர்கள் பிரயாணந்தோறும் குறித்து வைத்தனர். திசைகாட்டி, கடிகாரம், வேகமானி ஆகிய மூன்றும் கையிலிருந்தால் கண்ணை மூடிக்கொண்டும் செல்லலாம் என்னும் நிலைக்கு அந்தக் குறிப்பு வந்துவிட்டது. இருட்டை வென்றது அவர்களுடைய நோட்டுப் புத்தகமே.

வருஷத்துக்கு 70,000 குரோனர் அரசாங்க உதவியோடு வாரம் ஒரு முறை கப்பல் விடுவதென 1893-ஆம் வருஷம் மே மாதம் ஒப்பந்தமாயிற்று. அவ்வருஷம் ஜூலை 2-ஆம் தேதி 'வெஸ்டராலன்' என்னும் நீராவிக் கப்பல் டிரான்ஹைமிலிருந்து புறப்பட்டது. 67 மணி நேரத்தில், குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே, அது ஹாமர்பெஸ்டை அடைந்தது. மாதக் கணக்கு மணிக் கணக்காயிற்று. 'விரைவு வழி' என்னும் பொருளில் அந்த மார்க்கத்துக்கு 'ஹுர்டிகுரூட்டன்' என்று பெயர் நிலைத்தது. 1898-ல் அது தெற்கே பெர்கன் நகரம் வரை நீண்டது. பின்பு வடகிழக்கே ருஷ்ய எல்லையருகேயுள்ள கிர்க்கனஸ் வரை எட்டியது. 1936 முதல் தினந்தோறும் ஒரு கப்பல் புறப்படலாயிற்று.

இக்கப்பல் ஓடத் தொடங்கிய காலத்தில் நார்வே ஸ்வீடன் தேசத்து அரசனின் கீழ் இருந்தது. 1905-ல் தனித்து நிற்பதா என்று ஜனங்களைக் கேட்டபோது, ஆம் என்றவர் 3,68,208 பேர். வேண்டாம் என்றவர் 184 பேரே. அந்த ஒற்றுமைக்குக் கவிகளும் தலைவர்களும் உழைத்ததுபோலவே, தென்கோடியையும் வடகோடியையும் ஒரு நூலில் கோத்துவந்த இந்தத் தபால் கப்பலும் தன்னாலானதைச் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

கப்பலில் ஏறுகின்றோம்

உலகத்தில் இன்று உல்லாசப் பிரயாணத்துக்கென்று ஓடும் கப்பல்கள் ஆயிரக்கணக்கான பேரைச் சுமந்து மிதக்கும் நகரங்களாய் இருக்கின்றன. நாம் பெர்கனில் இரவு ஏறிய கப்பல் அப்படிப்பட்டதன்று. நீளம் சுமார் 400 அடி. பிரயாணிகள் சில நூறு பேர். நடன மண்டபமும் நாடகக் கொட்டகையும் கிடையா. பக்கவாட்டில் ஒரு பெரிய கதவு மட்டும் உண்டு. துறையை அடைந்ததும் அது திறக்கும். மீன் பெட்டிகளும், உருளைக்கிழங்கு மூட்டைகளும், யந்திரச் சாமான்களும் ஏறும், இறங்கும். சில துறைகளில் கால்மணி நேரமே நிறுத்தம். தூக்கம் வராதவர்கள் இரவு இரண்டு மணிக்கு மேல்தட்டில் நின்றால் இந்த வேடிக்கையைப் பார்க்கலாம். மலையையும் பனியையும் பார்க்க வந்த நாம் இதைத்தான் அதிகமாகப் பார்த்தோம்.

வடக்கே போகும்போது 34 துறைகள். போகும்போது இரவில் கடந்த ஊர்களைத் திரும்பும்போது பகலில் காணும்படி காலம் வகுத்திருக்கின்றனர். போய்வரும் தூரம் சுமார் 2,500 கடல் மைல்.

மறுநாள் கண்ட ஆலசுண்ட் நகரம் மனத்தைவிட்டு அகலாதது. 1904-ஆம் வருஷம் ஜனவரி 23-ஆம் தேதி இரவு அம்மர நகரம் தீப்பற்றி எரிந்தது. சுமார் 10,000 பேர் வீடிழந்தனர். உயிரிழந்தவர் ஒருவரே என்பது ஆச்சரியம். சில வருஷங்களுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் ஊரைத் திரும்பக் கட்டிவிட்டனர். கோபுரங்களும், கொடிபோல் வளைந்த அலங்காரங்களுமாக நிற்கும் அவ்வீடுகள் நீரில் நிழலாடுவதைப் பார்த்தால், எரிந்த ஊர் என்று சொல்லவே தோன்றாது.

டிரான்ஹைமைத் தாண்டி ஓர் இரவு கழிந்ததும், ஒரு சிறு பாறைத்தீவின்மேல் இரும்பினாலான பூகோள உருண்டை ஒன்று தெரிந்தது. அதுவே துருவ வட்டத்தின் அடையாளம். அங்கே சமுத்திரராஜன் வேஷம் பூண்ட ஒருவர் வந்து, பிரயாணிகளின் சட்டைக் கழுத்துக்குள் ஒரு கரண்டி பனிக்கட்டியைப் போட்டு ஆசீர்வதிக்கின்றார். நாமும் தப்பவில்லை. திரும்பும்போது அதே இடத்தில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் கொடுப்பார்கள். சிறுவயதில் மீன் எண்ணெய்க்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தவர்கள் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது விடாது போலும்!

உப்பில்லாத கருவாடு

போடோ நகரத்தோடு நார்வேயின் வடதிசை ரயில் பாதை முடிந்துவிடுகின்றது. அப்பாலுள்ள நார்விக் நகரத்துக்கு ரயில் உண்டு. ஆனால் அது ஸ்வீடன் வழியாக வருவது. போடோவை விட்டு அகன்ற கடலில் சில மணி நேரம் சென்றோம். கப்பல் அப்பொழுதுதான் கொஞ்சம் ஆடியது. மாலை வெளிச்சத்தில் எதிரே வானத்தில் பல்பல்லாக ஒரு வெண்சுவர் எழுந்தது. அதுவே லோபோடன் தீவுக் கூட்டம்.

வருஷந்தோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் வடதுருவக் கடலிலிருந்து காட் என்னும் மீன்கள் முட்டையிடுவதற்காக இங்கே கூட்டங் கூட்டமாக வருகின்றன. மரக்கம்புகளால் கூரைபோல் கட்டிய பந்தல்களில், தலை நீக்கிய மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடுகின்றனர். உப்பு இடுவதில்லை. அழுக விடாத குளிரும் உறைய விடாத கடற்காற்றும் சேர்ந்து சில மாதங்களில் அவற்றைக் கட்டைபோல் உலர்த்திவிடுகின்றன. நம் கரைகளில் வெயிலும் உப்பும் செய்யும் வேலையை அங்கே காற்றும் குளிரும் செய்கின்றன. மீன் இத்தாலிக்குப் போகின்றது. தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன. 1432-ல் கப்பலுடைந்து இத்தீவுகளில் ஒதுங்கிய வெனிஸ் நகரத்து வர்த்தகர் பியத்ரோ குவெரினி இம்மீனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றாராம். அன்று ஏற்பட்ட ருசி இன்றும் மாறவில்லை.

எரிந்த ஊர்கள்

டிராம்ஸோ நகரத்தை விட்டுப் புறப்பட்ட இரவில், வானத்தில் ஒளி தோன்றியிருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் மேல்தட்டுக்கு ஓடினோம். இளம்பச்சைப் பட்டு ஒன்றை யாரோ வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை உதறி விரிப்பதுபோல் இருந்தது. சூரியனிடமிருந்து பாய்ந்துவரும் மின்துகள்கள் பூமியின் காந்த சக்தியால் துருவப் பக்கமாக இழுக்கப்பட்டு, உயரே காற்றிலுள்ள பிராணவாயுவைத் தாக்குவதால் அந்தப் பச்சை நிறம் உண்டாகின்றதென்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. சொல்லிக் கொடுத்தது வேறு, கண்டது வேறு. உள்ளூர்ப் பிரயாணிகள் மட்டும் எழுந்து வரவில்லை. சாய்வு நாற்காலிகளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தனர்.

மறுநாள் முதல் கரையின் தோற்றமே மாறிவிட்டது. மரங்கள் இல்லை, வெள்ளையும் கறுப்புமாக மொட்டைப் பாறைகளே. ஊர்களிலும் பழைய வீடு ஒன்றைக் காணவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1940 ஏப்ரலில் ஜெர்மானியர் நார்வேயைப் பிடித்தனர். 1944 இலையுதிர்காலத்தில் ருஷ்யப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மானியர் இந்தப் பின்மார்க் பிரதேசத்தில் வீடு, படகு, பாலம், தந்திக்கம்பம் ஒன்றையும் விடாமல் கொளுத்தினர். ஏறக்குறைய 50,000 பேரைக் குளிர்காலத்தின் வாயிலில் வீட்டை விட்டு விரட்டினர். ஹாமர்பெஸ்டில் மிஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றே. ஹோனிங்ஸ்வாக்கில் மிஞ்சியது மாதா கோவிலளவான ஒரு சிறு வெள்ளைத் தேவாலயம். முதலில் திரும்பி வந்தவர்கள் அதனுள்ளேயே படுத்து, அங்கேயே ரொட்டி சுட்டு, பிறகு தங்கள் ஊரைக் கட்டினார்கள்.

யுத்தத்தில் தபால் கப்பல்கள் பலவும் மூழ்கின. குண்டுகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் ஜனங்கள் நிறைந்த கப்பலென்றும் சரக்குக் கப்பலென்றும் பேதம் தெரியாது. ஆயினும் யுத்தம் முடிந்ததும் முதலில் சீர்ப்படுத்தப்பட்டவற்றுள் இம்மார்க்கமும் ஒன்று. செங்கல்லும் மரமும் அடுப்பும் கதவும் ஏறி வருவதற்கு அதைத் தவிர வேறு வழி ஏது?

அன்று மாலை மேஹாம்ன் என்னும் சிற்றூரில் ஒரு மூதாட்டி ஏறினார். கிர்க்கனஸ் ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கின்றது. மூன்று நாளாக மலைச்சாலையைப் பனி மூடிவிட்டது. காற்றினால் சிறு விமானமும் இறங்கவில்லை. நாம் எதைப் பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர் விசாரித்தார். மலைகளையும் வானத்தையும் என்றோம். அவர் சிரித்துக்கொண்டு, தமக்கு 70 வயதாகின்றதென்றும், இந்தக் கப்பலில் கணக்கின்றி ஏறியிருந்தும் ஜன்னல் வழியாகப் பார்த்தது குறைவென்றும், ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்னும் நம்பிக்கை ஒன்றுக்காகவே ஏறுவதாகவும் கூறினார். கம்பளி நூலும் ஊசியும் கையிலிருந்தன. காலையில் கிர்க்கனஸ் வரும்போது சிறு குல்லாய் ஒன்று முடிந்துவிட்டது.

கிர்க்கனஸ் 1944 அக்டோபர் 25-ஆம் தேதி விடுதலை பெற்ற ஊர். அதன் தெருப் பெயர்கள் நார்வே மொழியிலும் ருஷ்ய மொழியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வூர் இஸ்தாம்பூல் நகரத்தைவிடக் கிழக்கே இருக்கின்றது என்றால் நம் மாணவர்கள் நம்பமாட்டார்கள். படத்தைப் பார்த்தபின்பே நம்புவார்கள்.

திரும்பும் வழி

திரும்பும்போது பகலில் கண்டவற்றுள் இரண்டை மட்டும் சொல்வோம். முதலாவது, ரீஸோய் கால்வாய். ஆழமற்ற அந்த நீர்வழியைத் தோண்டினால் தம் பக்கத்துத் தீவுகளுக்கும் பெருங்கப்பல் வரும் என்று காப்டன் வித் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்தும் வாதாடினார். 1922-ல் அது திறக்கப்பட்டது. அவர் 1930-ல் காலமானார். இருபுறமும் நட்ட அடையாளக் கம்பங்களுக்கு நடுவே, ஒற்றையடிப்பாதையில் யானை போவதுபோல், கப்பல் மெள்ள நகர்ந்தது. அவருடைய ஊராகிய ஸ்டாக்மார்க்னஸில் 1956-ல் கட்டிய பழைய தபால் கப்பல் ஒன்றைக் கரையேற்றிக் கண்ணாடி மண்டபத்துக்குள் வைத்திருக்கின்றனர்.

இரண்டாவது, டிரோல் பியோர்டு. வாயில் அகலம் சுமார் 100 மீட்டர். உட்புறம் நீளம் சுமார் 2 கிலோமீட்டர். இருபுறமும் செங்குத்தான மலை. குளிர்காலத்தில் பனிச்சரிவுக்கு அஞ்சி உள்ளே செல்வதில்லை. வாயிலருகே நின்று பார்த்தோம். 1890-ல் இங்கே ஒரு சண்டை நடந்தது. மீன் கூட்டம் இக்குடாவுக்குள் புகுந்தபோது, பணக்காரர்களின் நீராவிக் கப்பல்கள் வாயிலை வலையிட்டு அடைத்துக்கொண்டு மீன் முழுதும் தங்களுடையதே என்றன. துடுப்புப் படகில் வந்த ஏழை மீனவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தடையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். யோஹான் போயர் என்னும் ஆசிரியர் 1921-ல் வெளியிட்ட ஒரு நாவலில் இதை வர்ணித்திருக்கின்றார்.

யாருக்காக ஓடும் கப்பல்?

அந்த வாயிலில் நின்றபோது ஓர் உண்மை நமக்குப் புலப்பட்டது. 1890-ல் ஏழைகளைத் தடுத்து நின்றதும் நீராவிதான்; மூன்றே வருஷத்துக்குப் பின் ஏழைகளின் கடிதத்தைச் சுமந்து சென்றதும் அதே நீராவிதான். யந்திரத்துக்குத் தனியாக நன்மையுமில்லை, தீமையுமில்லை. அதை யாருக்காக ஓட்டுகின்றோம் என்பதே கேள்வி.

இன்று தபால் விமானத்திலும் மோட்டாரிலும் போகின்றது. சுரங்கப் பாதைகளும் பாலங்களும் பெருகிவிட்டன. கப்பலின் அறைகளை நிரப்புகின்றவர்கள் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பிரயாணிகளே. 2021 முதல் இம்மார்க்கத்தை ஹுர்டிகுரூட்டன் 7 கப்பல்களுடனும், ஹவிலா 4 கப்பல்களுடனும் பங்கிட்டுக்கொண்டு அரசாங்க ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. ஹவிலாவின் புதுக் கப்பல்கள் மின்கல சக்தியால் சில மணி நேரம் புகையின்றியும் ஓசையின்றியும் செல்ல வல்லவை. அயலார் வேடிக்கை பார்க்க நம் வரிப்பணம் ஏன் என்று கேட்பவர்கள் அந்நாட்டிலேயே உண்டு. இப்போதைய ஒப்பந்தம் 10 வருஷத்துக்குரியது. அது முடிந்தபின், இரவு இரண்டு மணிக்கும் சிறு துறைகளில் நிற்கும் இந்த வழக்கம் நிலைக்குமா, அழகான இடங்களில் மட்டும் நிற்கும் உல்லாசக் கப்பலாய் இது முடியுமா என்பதை அந்நாட்டார்தாம் தீர்மானிக்க வேண்டும்.

நம்முடைய அபிப்பிராயம் வருமாறு. இக்கப்பலின் அழகே அது நமக்காக ஓடவில்லை என்பதில்தான் இருக்கின்றது. நமக்காக ஓடியிருந்தால் மேஹாம்னில் அது நின்றிராது. அந்தக் குல்லாய் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திராது. நாமும் மலைகளை மட்டும் பார்த்துவிட்டு, அம்மலைகளின் அடியில் மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறியாமலே வீடு திரும்பியிருப்போம். அக்கரையைக் காண விரும்பும் நேயர்கள், முழு யாத்திரைக்குப் பொருள் இல்லாவிட்டால் ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு, உள்ளூர் ஜனங்களோடு ஓர் இரவு உட்கார்ந்து போகலாம். அதுவே சிறந்த பிரயாணம் என்று சொல்வோம்.